நடை வேறு, சாப்பாடு வேறு: திருகோணமலையில் உடம்பைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு

மழை ஓய்ந்து தை பிறந்ததும் உட்துறைமுக வீதியில் புது முகங்கள் தெரியும். புதுச் சப்பாத்து, கையில் தண்ணீர்ப் போத்தல், முகத்தில் ஒரு தீர்மானம். சிலருக்கு இரத்தப் பரிசோதனை முடிவு பயம் காட்டியிருக்கும். சிலர் கல்யாண அல்பத்தில் தங்களைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார்கள். மாசி முடிவதற்குள் அவர்களில் பலரைக் காணக் கிடைக்காது. எங்கேயாவது கண்டு கேட்டால் அவர்களே சொல்வார்கள்: "எனக்கு மனக்கட்டுப்பாடு காணாது அண்ணை."

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களும், ரமழான் முழுக்கப் பகலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு பிடிப்பவர்களும் நிறைந்த ஊர் இது. இங்கே மனக்கட்டுப்பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. பிழைப்பது வேறு இடத்தில். ஒரே திங்கட்கிழமையில் இரவுச் சோறு, சீனி, பலகாரம் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு மணித்தியால ஓட்டத்தையும் தொடங்குகிறார்கள். நடந்த நாளில் "உழைச்சாச்சு, சாப்பிடலாம்" என்கிறார்கள். சாப்பிட்ட நாளில் "நாளைக்கு ரெண்டு மடங்கு ஓடவேணும்" என்கிறார்கள். நடையும் சாப்பாடும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவுமாக ஏறிவிடுகின்றன. நடை தண்டனையாகிறது, சாப்பாடு பரிசாகிறது. தண்டனையை யார்தான் நெடுநாள் விரும்பிச் செய்வார்கள்?

இந்தக் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு எப்படித் தொடங்கலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

நாற்பதைக் கடந்தவர்கள், சீனி வருத்தமோ பிரஷரோ இருப்பவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுகுபவர்கள் முதலில் வைத்தியரைப் பாருங்கள். அரச மருத்துவமனைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் நிறை, உயரம், பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். இன்சுலின் போடுபவர்களும் சீனிக்குக் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரோடு பேசாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. சீனி சட்டென்று இறங்கி மயங்கி விழ இடமுண்டு.

அப்புறம் ஒரு சின்னக் கொப்பி எடுத்து, வாய்க்குள் போகும் ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன, எத்தனை மணிக்கு, யாரோடு, உண்மையில் பசித்ததா. கலோரிக் கணக்கு வேண்டாம், உங்களை நீங்களே திட்டியும் எழுத வேண்டாம். இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். பலருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டில் பெரிய பிரச்சினை இருக்காது. வேலை விட்டு வரும் பின்னேரத்தில், அல்லது இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கியபிறகு, அலுப்பும் தனிமையும் சேரும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில்தான் கை பிஸ்கட் டின்னுக்குப் போகும். அந்த நேரம் எது என்று தெரிந்தால் போதும். மிச்ச நாளோடு நீங்கள் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

2. முதல் மாதம் நடை மட்டும்

சாப்பாட்டில் இன்னும் கை வைக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் ஒன்று விழும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறது. அது போய்ச் சேரவேண்டிய இடம். தொடங்கும்போது ஒரு நாளைக்கு 15 அல்லது 20 நிமிடம் போதும். வேகத்துக்கு அளவு இதுதான்: பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. பேச்சே வராமல் மூச்சு வாங்கினால் நீங்கள் கூடிய வேகத்தில் போகிறீர்கள்.

இந்த அளவுக்கு உடலைத் தாண்டி மனதிலும் காரணம் இருக்கிறது. உடற்பயிற்சியின்போது மனம் என்ன உணர்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராயும் பேராசிரியர் எக்கெகாக்கிஸ் கண்டது இது: மூச்சு இரைக்கத் தொடங்கும் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலானவர்களுக்கு இன்பம் சரசரவென்று குறைகிறது. அந்தக் கசப்பை உடம்பு நினைவில் வைத்திருக்கும். அடுத்த நாள் காலை அலாரம் அடிக்கும்போது உங்களுக்குப் பதில் அதுதான் முடிவெடுக்கும். 2016இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், கடினமாகத் தொடங்கி வரவர இலகுவாக்கி முடித்தவர்கள், இலகுவாகத் தொடங்கி வரவரக் கடினமாக்கியவர்களைவிட அந்தப் பயிற்சியைக் கூடுதல் இன்பமாக நினைவில் வைத்திருந்தார்கள்.

இதை நம் ஊர் நிலத்தில் வைத்துப் பாருங்கள். கோணேசர் கோவிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து நடப்பவர்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்கி மேலே போய், கும்பிட்டு, கடல்காற்று வாங்கி, மான்களைப் பார்த்தபடி ஆறுதலாக இறங்கி வருவார்கள். கடினம் முதலில், லேசு கடைசியில். அதனால்தான் அந்த நடை யாருக்கும் அலுப்பதில்லை என்பது என் எண்ணம். ஆனால் முதல் வாரத்திலேயே ஏற்றத்துக்குப் போகவேண்டாம். உட்துறைமுக வீதியும் டச்பே கடற்கரையும் சமதரை, அங்கே தொடங்குங்கள். மணலில் நடப்பது காலுக்குக் கூடுதல் வேலை என்பதால் ஈரமணல் ஓரமாகப் போங்கள். எங்கே நடந்தாலும் கடைசி ஐந்து நிமிடத்தை மிக மெதுவாக நடந்து முடியுங்கள்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் காலை ஏழுக்கு முன் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் ஐந்தரைக்குப் பின். ஐப்பசியில் தொடங்கும் மழைக்கு இப்போதே ஒரு முடிவு எழுதி வையுங்கள்: "மழை பெய்தால் விறாந்தையில் பத்து நிமிடம் நடப்பேன், கதிரையில் இருந்து எழும்புவதைப் பத்துத் தரம் செய்வேன்." இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள் வெறுமனே "செய்யவேணும்" என்று நினைப்பவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள். உளவியலில் பலதடவை சோதித்துப் பார்த்த விஷயம் இது.

3. நடையால் சாப்பாட்டுக்கு விலை கொடுக்க முடியாது

இந்தப் படியில் செய்ய வேலை இல்லை, விளங்கிக்கொண்டால் போதும்.

70 கிலோ நிறையுள்ள ஒருவர் சாதாரண வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் ஏறத்தாழ 180 கலோரி செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. இரவுக்கடையில் தகரத்தில் தாளம் போட்டுக் கொத்தும் கோழிக்கொத்து ஒன்றுக்குள் எத்தனை கரண்டி எண்ணெய் போகிறது என்பதை ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தக் கொத்தை நடந்து தீர்க்க நினைப்பவர் அரை நாள் நடக்கவேண்டியிருக்கும். கணக்கு ஒருநாளும் சரிவராது. சரிவராத கணக்கை வைத்துக்கொண்டு தினமும் தோற்றுப்போவதால்தான் மனம் சோர்கிறது.

அப்படியானால் நடை எதற்கு? சாப்பிட்டபின் ஏறும் சீனியைக் குறைக்க, பிரஷரைக் குறைக்க, நல்ல தூக்கத்துக்கு, மனம் லேசாக, குறைந்த நிறை திரும்ப ஏறாமல் பிடித்துவைக்க. நிறை ஒரு கிராம் குறையாவிட்டாலும் இவை கிடைக்கும். ஆகவே நடந்து முடிந்ததும் "எவ்வளவு எரிந்தது" என்று போனைப் பார்ப்பதை விடுங்கள். டச்பேயில் நடந்து முடித்துவிட்டு இறால் வடை சாப்பிட ஆசை வந்தால், வடை சாப்பிட ஆசை, அதனால் சாப்பிடுகிறேன் என்று சாப்பிடுங்கள். "நடந்தேனே" என்று சாப்பிடாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வடைதான். ஆனால் இரண்டாவது வழியில் போனால், நடக்காத நாளில் உங்களுக்குச் சாப்பிட உரிமையே இல்லை என்று மனம் நம்பத் தொடங்கிவிடும்.

4. சாப்பாட்டில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்

இரண்டாம் மாதம். கொப்பியைத் திறந்து, அடிக்கடி வருவதும் விட்டால் பெரிதாக வலிக்காததுமான ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பலருக்கு அது தேத்தண்ணிச் சீனி. ஒரு நாளைக்கு நான்கு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி என்றால் பன்னிரண்டு கரண்டி, ஏறத்தாழ 48 கிராம், 190 கலோரி. சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. மூன்றை இரண்டரையாக்கி, இரண்டு வாரம் கழித்து இரண்டாக்குங்கள். நாக்கு மெல்ல மெல்லப் பழகும். ஒரேயடியாக நிறுத்துபவர்கள் பெரும்பாலும் வாரக் கடைசியில் நான்கு கரண்டிக்குத் திரும்புவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கடைத் தட்டு. நம் சாப்பாட்டுக் கடைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிளேன்ரீ ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு தட்டு மேசைக்கு வரும்: மீன் றோல்ஸ், பற்றிஸ், உளுந்து வடை, சீனிப் பணிஸ். எடுத்ததற்கு மட்டும் காசு. முதலாவதை எடுக்கும்போது பசி இருக்கும். இரண்டாவதை எடுக்கும்போது பேச்சு நடந்துகொண்டிருக்கும், கை தானாகப் போகும். காசு கொடுக்கும்போதுதான் எத்தனை என்று தெரியும். அந்த அரை மணித்தியாலமும் தட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, உட்காரும்போதே "தம்பி, தட்டு வேண்டாம், ஒரு வடையும் பிளேன்ரீயும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். ஒருதரம் சொல்வது இருபது தரம் மனதுக்குள் மறுப்பதைவிட லேசு. வீட்டிலும் இதேதான்: சோற்றுச் சட்டியை மேசையில் வைக்காமல் குசினியில் வைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். பயத்தம் பணியாரம் கண்ணாடிப் போத்தலில் இருந்தால் மூடியுள்ள தகரத்துக்கு மாற்றி மேல்தட்டில் வையுங்கள்.

தடைப்பட்டியல் மட்டும் போடவேண்டாம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்றைக்கு இணையத்தில் சிலர் சாதாரணமாகச் சொல்லும் 'டயட்' அதைவிடக் குறைவு! அந்த மனிதர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வாசித்தார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே பேசினார்கள், எரிச்சலும் சோர்வுமாகத் திரிந்தார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது பலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் போதவில்லை. அவர்கள் தாங்களாகவே முன்வந்த உறுதியான இளைஞர்கள். பட்டினி போட்டால் மனம் சாப்பாட்டைச் சுற்றித்தான் வரும். அது குணக்கேடு இல்லை, உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

5. ஆசைக்கு இடம் ஒதுக்கி, அதை முழுசாகச் சாப்பிடுங்கள்

வாரத்தில் ஒன்றிரண்டு தடவை உங்களுக்கு மிகப் பிடித்ததைச் சாப்பிடுவதற்கு முன்கூட்டியே இடம் வையுங்கள். "சீட் டே" என்று ஒருநாள் முழுக்க அள்ளிக்கொட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. அது மிச்ச ஆறு நாளையும் சிறையாக்குகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சட்டித்தயிரும் பாணியும், ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம், இப்படிக் குறிப்பாக இருக்கட்டும்.

சாப்பிடும் விதமும் முக்கியம். உட்கார்ந்து, போனை வைத்துவிட்டு, ஆறுதலாக. தயிரைக் கரண்டியால் வெட்டி எடுக்கும்போது மேலே இருக்கும் ஆடை, பாணி அதற்குள் இறங்கும் விதம், முதல் வாயில் புளிப்பும் பிறகு இனிப்பும் வருவது, இவற்றைக் கவனித்துச் சாப்பிட்டால் ஒரு கிண்ணம் போதுமாக இருக்கும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றுகொண்டு குற்ற உணர்ச்சியோடு விழுங்கினால் மூன்று கிண்ணமும் போதாது.

2011இல் அலியா கிரம் என்ற உளவியலாளர் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. 46 பேருக்கு ஒரே மில்க்‌ஷேக், 380 கலோரி. ஒருநாள் அதை 140 கலோரியுள்ள 'கட்டுப்பாடான' பானம் என்று சொல்லிக் கொடுத்தார், இன்னொருநாள் 620 கலோரியுள்ள ஆடம்பரமான பானம் என்று. ஆடம்பரமானது என்று நம்பிக் குடித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோனின் அளவு இரத்தத்தில் மிகக் கூடுதலாகக் குறைந்தது. குடித்தது ஒன்றுதான், மனம் நம்பியதுதான் வேறு. ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் "ஐயோ, இது டயட் சாப்பாடு" என்ற முகத்தோடு சாப்பிடுபவர்களுக்கு ஏன் வயிறு நிறைவதில்லை என்பதை யோசிக்க வைக்கிறது. குரக்கன் புட்டையும் கீரைச் சுண்டலையும்கூட நல்ல கோப்பையில், நல்ல மீன்குழம்போடு, விருந்து மாதிரிப் போட்டுச் சாப்பிடுங்கள்.

6. பிழைத்துப்போன நாளில் என்ன செய்வது

பிழைக்கும். கல்யாண வீட்டில் புரியாணியும் வட்டிலப்பமும் கூடிப்போகும். பிழையைவிட அதற்கு அடுத்த அரை மணித்தியாலம்தான் ஆபத்து.

1975இல் ஹேர்மன், மாக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவிகளுக்கு மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, ருசி பார்ப்பது என்ற பெயரில் ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்துவிட்டதே. கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்‌ஷேக் குடித்தபிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். "இன்றைக்குப் போச்சு, இனி என்ன" என்ற எண்ணம்தான் அது. விதி இறுக்கமாக இருந்தால் ஒரு கரண்டியிலேயே முறிந்துவிடும், முறிந்தபின் நாளைக்குத்தான் திரும்பத் தொடங்கும்.

ஆகவே அடுத்த வேளை சாதாரணமாகச் சாப்பிடுங்கள். பட்டினி போடவேண்டாம், மறுநாள் இரட்டிப்பு நடையும் வேண்டாம். உங்களோடு நீங்கள் பேசும் தொனியையும் கவனியுங்கள். 2007இல் வந்த ஒரு ஆய்வில், டோநட் சாப்பிட்ட பெண்களில் ஒரு பகுதியினரிடம் "எல்லாரும் இப்படிச் சாப்பிடுவதுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்" என்று ஆறுதலாகச் சொன்னார்கள். சாப்பாட்டில் இறுக்கமாக இருந்தவர்களில், அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு வைத்த இனிப்பைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். அன்பாகப் பேசினால் கெட்டுப்போவோம் என்ற பயம் வேண்டாம்.

நடை தவறிய நாளுக்கும் இதுதான். லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு (2010) ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் பிடித்ததாகக் காட்டியது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பத் தொடங்குவதுதான் கடினம். மழை, பரீட்சைக் காலம், திருவிழா முடிந்ததும் யாரோடு, எந்தக் கிழமை, எங்கே என்று ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும்.

7. மாமியும் விரதமும்

"என்ன பிள்ளை இவ்வளவுதானா? இன்னும் ஒரு கரண்டி போடட்டோ?" இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பாசம். "நான் டயட்" என்று சொன்னால் மாமியின் முகம் வாடும், நாலுபேர் உங்கள் உடம்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். வேண்டாததைச் சொல்லாமல் வேண்டியதைச் சொல்லுங்கள்: "சோறு காணும் மாமி, அந்தக் கணவாய்க் கறியில கொஞ்சம் போடுங்கோ, நல்ல ருசி." கொடுத்த மகிழ்ச்சி அவருக்கும் கிடைத்துவிடும்.

விரதமும் நோன்பும் ஏன் முடிகிறது, டயட் ஏன் முடிவதில்லை? விரதத்துக்குத் தொடக்கமும் முடிவும் தெரியும், ஊரே சேர்ந்து இருக்கிறது, அதற்கு அர்த்தம் இருக்கிறது. டயட் இருப்பவர் தனியாள், எல்லையும் கிடையாது. ஆகவே உங்கள் நடைக்கும் ஒரு துணையைத் தேடுங்கள், பன்னிரண்டு வாரம் என்று ஒரு எல்லையை வையுங்கள். விரதத்தை நிறை குறைக்கும் வழியாக ஆக்குவது மட்டும் வேண்டாம். பாரணையிலும் நோன்பு திறக்கும்போதும் பொரித்ததும் இனிப்பும் சேர்ந்து வந்தால் கணக்கு எப்படியும் தலைகீழாகும். கஞ்சியும் பேரீச்சம்பழமும் எடுத்து, கொஞ்சம் பொறுத்து, பிறகு சாப்பாட்டுக்குப் போனால் வயிறும் தாங்கும். அந்த நாட்களில் நடை லேசாக இருக்கட்டும்.

8. தராசு

வாரத்தில் ஒருநாள், காலையில், சாப்பிட முன். உப்பும் சோறும் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறியிறங்குவது கொழுப்பல்ல. இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருதரம் அளவுங்கள். தெற்காசியரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனம் தேவை.

9. தசைப் பயிற்சியும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதும்

மூன்றாம் மாதத்தில் வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியைச் சேருங்கள்: சுவரில் கைவைத்துத் தள்ளுவது, கதிரையிலிருந்து எழும்புவது, தண்ணீர்ப் போத்தல் தூக்குவது. ஜிம்முக்குப் போக விருப்பமானால் போங்கள், முதல் நாளே பாரத்தைக் கூட்டும் பயிற்றுநரிடம் மட்டும் "மெல்ல" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

ஒளித்துச் சாப்பிடுவது, சாப்பிட்டபின் வேண்டுமென்று வாந்தி எடுப்பது, காய்ச்சலோடும் ஓடியே தீரவேண்டும் என்ற தவிப்பு, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது, கண்ணாடியில் எவ்வளவு மெலிந்தும் பருமனாகவே தெரிவது: இவற்றில் ஒன்று வந்தாலும் நிறை குறைப்பை அன்றைக்கே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். பிள்ளைகளிடம் கண்டால் திட்டாமல், கேலி பண்ணாமல், கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவமனையின் உளநலப் பிரிவில் இதற்கு உதவி கிடைக்கும்.